தெரு வேலை ஒன்றை ஊராட்சித் திட்டத்தில் ஏற்றுவது எப்படி: கிராம சபைக்குப் புதியவர்களுக்கு

கிராம சபையில் எழுந்து நின்று நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி பேசிவிட்டால் தெருவுக்குச் சாக்கடை வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வராது. கைதட்டு விழும், மேடையில் இருப்பவர் "கண்டிப்பா பண்ணிடலாம்" என்பார், அடுத்த கூட்டத்தில் அதே ஆள் எழுந்து அதே பேச்சைப் பேசுவார். வேலை நடக்க வேண்டுமென்றால் அது ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தில் ஒரு வரியாக ஏற வேண்டும்: எந்த இடம், எத்தனை மீட்டர், எவ்வளவு ரூபாய், எந்த நிதி. அந்த ஒரு வரியை ஏற்றும் வேலையில் முக்கால்வாசி கூட்டத்துக்கு முன்பும் பின்பும்தான் இருக்கிறது. எங்கள் தெருக் கழிவுநீர்க் கால்வாய்க்காக அலைந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுக்கு அந்த அலைச்சலில் பாதியாவது மிச்சமாகட்டும்.

இது தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளுக்கு மட்டும். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை, வார்டு குழு என்று தனி ஏற்பாடு உண்டு. நகரத்தையொட்டிய ஊராட்சிகள் பல அண்மையில் மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் சேர்க்கப்பட்டுவிட்டன, ஆகவே நீங்கள் இருப்பது இன்னும் ஊராட்சிதானா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், இது தெரியாமல் மனு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

1. உங்களுக்கு அங்கே ஓட்டு இருக்கிறதா என்று பாருங்கள்

அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்கள்தான் கிராம சபை உறுப்பினர்கள். மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்து வருடக்கணக்காகியும் ஓட்டைப் பழைய ஊரிலேயே வைத்திருப்பவர்கள் புதிய மனைப்பிரிவுகளில் ஏராளம். "இவங்க யாருக்கும் இங்க ஓட்டே இல்லையே" என்று ஒருவர் சொல்லிவிட்டால் உங்கள் தெருவின் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

முகவரி மாற்ற படிவம் 8, புதிதாகச் சேர்க்க படிவம் 6. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் தயாராகிறது. கூட்டத்துக்கு முந்தின வாரம் படிவம் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், சில மாதங்கள் முன்பே முடித்துவிடுங்கள். வீட்டு வரி, குடிநீர்க் கட்டண பாக்கி இருந்தால் அதையும் கட்டிவிடுங்கள். பாக்கி இருந்தால் கூட்டத்தில் பேசக்கூடாது என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை, ஆனால் உங்கள் வாயை அடைக்க அதுதான் முதலில் கையில் எடுக்கப்படும்.

2. அந்த நிலம் யாருடையது

அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் தினமும் நடக்கிற தெரு ஊராட்சியுடையதாக இல்லாமல் இருக்கலாம். சாலைகளில் ஊராட்சிச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்று பிரிவுகள் உண்டு. நெடுஞ்சாலைத் துறையின் சாலையோரத்தில் ஊராட்சி தன் பணத்தில் கால்வாய் கட்ட முடியாது, அதற்கு அந்தத் துறைக்குத்தான் எழுத வேண்டும்.

மனைப்பிரிவுகளில் சிக்கல் இன்னும் அதிகம். முறையாக அனுமதி பெற்ற மனைப்பிரிவென்றால் சாலைகளையும் பொது ஒதுக்கீட்டு இடத்தையும் மனை போட்டவர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்து கொடுத்திருப்பார். அனுமதியில்லாத மனைப்பிரிவில் அந்தச் சாலை இன்னமும் யாரோ ஒருவரின் பட்டாவில்தான் கிடக்கும். தனியார் பட்டா நிலத்தில் அரசுப் பணத்தைச் செலவு செய்தால் தணிக்கையில் ஊராட்சிச் செயலருக்குத்தான் ஆபத்து, அதனால் அவர் நழுவுவார், காரணத்தையும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார். நீங்களும் "வேணும்னே இழுத்தடிக்கிறாங்க" என்று திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

செய்ய வேண்டியது: சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். தமிழக அரசின் இணையவழி நிலச் சேவைத் தளத்தில் அ-பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் பதிவு), புல வரைபடம் (நிலத்தின் அளவு வரைபடம்) இரண்டையும் இலவசமாகப் பார்க்கலாம். புறம்போக்கு, வண்டிப்பாதை, ஓடை, நத்தம் என்று எப்படி வகைப்படுத்தியிருக்கிறது என்பதைப் பாருங்கள். ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் வருவாய்த் துறையும் நீர்வளத் துறையும் உள்ளே வரும், காலம் நீளும். பட்டா என்று இருந்தால் மனை போட்டவரைத் தேடிப் பிடித்துத் தானப் பத்திரம் வாங்குவதுதான் உங்கள் முதல் வேலை, கிராம சபை அப்புறம். மனைப்பிரிவு வரைபட நகல் ஒன்று தெருவில் யாரிடமாவது வங்கிக் கடன் கோப்பில் கட்டாயம் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

3. பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது

"நிதி இல்லை" என்பது பாதிதான் உண்மை. ஊராட்சிக்கு வரும் பணம் ஒரே பையில் வருவதில்லை. வீட்டு வரி போன்ற சொந்த வருமானம், மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம், திட்டங்களுக்கென்று வரும் பணம் என்று தனித்தனி. கணக்குகளும் தனித்தனி எண்களில். ஒன்றில் உள்ளதை எடுத்து இன்னொன்றில் போட முடியாது.

இதில் உங்களுக்கு உதவக்கூடியது மத்திய நிதிக்குழு மானியம். 15ஆவது நிதிக்குழுவின் 2021–26 காலத்தில் இந்த மானியத்தில் 60 சதவீதம் நிபந்தனைக்குட்பட்டது, அதாவது 30 சதவீதம் குடிநீருக்கு, 30 சதவீதம் சுகாதாரத்துக்கு. மீதி 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்கேற்பச் செலவழிக்கலாம், சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் மட்டும் கூடாது. நிதிக்குழு மாறும்போது விகிதமும் மாறக்கூடும் என்பதால் நடப்பு ஆண்டுக்கு என்ன என்று செயலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விவரம் எதற்கென்றால், எல்லாத் தெருவும் சிமெண்ட் சாலையும் பேவர் பிளாக்கும் கேட்கும், அத்தனையும் அந்த 40 சதவீதத்துக்குள் முட்டி மோதும். கழிவுநீர்க் கால்வாய், உறிஞ்சு குழி என்று கேட்டால் பெரும்பாலும் சுகாதாரத் தலைப்பில் இடம் இருக்கும், அங்கே போட்டி குறைவு. கேட்கிற வேலைக்கு எந்தத் தலைப்பு பொருந்தும் என்பதை நீங்களே சொல்லிவிட்டால் செயலர் நிமிர்ந்து பார்ப்பார்.

இன்னொன்றும் மனப்பாடமாக இருக்கட்டும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 110. சாலை, சிறுபாலம், தெருவிளக்கு, கழிவுநீர் வடிகால், குடிநீர், இடுகாடு சுடுகாடு இவையெல்லாம் ஊராட்சியின் கட்டாயக் கடமைகள் என்று சொல்கிற பிரிவு அது. மனுவில் ஒரு வரி எழுதினால் போதும், மேற்கொண்டு சட்டம் பேச வேண்டாம், பேசினால் எதிராளி ஆகிவிடுவீர்கள்.

உங்கள் ஊராட்சி போன வருடம் எதற்குச் செலவு செய்தது என்று பார்க்க இ-கிராம் ஸ்வராஜ் என்ற மத்திய அரசுத் தளம் இருக்கிறது. மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் ஒப்புதலான திட்டமும் பணம் பட்டுவாடா ஆன விவரமும் வரும், கணக்குத் தொடங்கவெல்லாம் தேவையில்லை. பார்த்தவர்களுக்குச் சில நேரம் தூக்கிவாரிப் போடும், தான் கேள்விப்படாத வேலையெல்லாம் தன் தெருப் பெயரில் இருக்கும். உடனே ஆத்திரப்பட்டு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பக்கத்தைத் தேதி தெரியும்படி அச்செடுத்து வையுங்கள்.

4. நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22உம் நவம்பர் 1உம் 2022இல் சேர்க்கப்பட்டவை.

ஆறும் ஒன்றல்ல. உங்களுக்கு முக்கியம் அக்டோபர் 2. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு வேலைகளைத் திரட்டுவது அந்தக் கூட்டத்தில் தொடங்கி டிசம்பர் வரை நடக்கும். மே 1ஆம் தேதி போய்ச் சாக்கடை கேட்டால் அந்த வருடத் திட்டம் ஏற்கெனவே முடிந்திருக்கும், "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பதுதான் பதில், அது பொய்யுமல்ல. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் முகத்தைக் காட்டி விஷயத்தைச் சொல்லி வையுங்கள், செப்டம்பரில் காகிதம் தயார் செய்யுங்கள், அக்டோபர் 2ஆம் தேதி தீர்மானம்.

இப்படித் தீர்மானமாகித் திட்டத்தில் ஏறினாலும் ஏப்ரலில்தான் புதிய நிதியாண்டு. மானியம் தவணையாக வரும், மழைக்காலத்தில் கான்கிரீட் வேலை நடக்காது, தேர்தல் அறிவிப்பு வந்தால் புதிய வேலை தொடங்க முடியாது. கேட்டதிலிருந்து கட்டி முடிக்க ஒன்று, ஒன்றரை வருடம் என்று மனதில் வைத்துக்கொண்டால் இரத்த அழுத்தம் ஏறாது.

5. கோப்பு

ஒரு பிளாஸ்டிக் உறை போதும். உள்ளே இருக்க வேண்டியவை: மனு இரண்டு பிரதி (ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்க), தெருவாசிகளின் பெயர், கதவு எண், வாக்காளர் அட்டை எண், கையெழுத்து உள்ள பட்டியல், அ-பதிவேடு மற்றும் புல வரைபட அச்சு, மனைப்பிரிவு என்றால் தானப் பத்திர நகல், நாலைந்து புகைப்படங்கள். மழை பெய்த மறுநாள் எடுத்த படமாக இருக்கட்டும், வெயிலில் எடுத்தால் எல்லாத் தெருவும் நன்றாகத்தான் தெரியும்.

மனுவின் உயிர் வேலையின் பெயரில் இருக்கிறது. "எங்கள் தெருவுக்குச் சாக்கடை வசதி செய்து தருமாறு" என்று எழுதினால் எஸ்டிமேட் போடுகிறவருக்கு எதுவும் கிடைக்காது. அவர்கள் எழுதுகிற பாணியிலேயே எழுதுங்கள்: "3ஆவது வார்டு, கிழக்குத் தெருவில் ரேஷன் கடை முதல் ஓடைச் சிறுபாலம் வரை 120 மீட்டர் நீளத்துக்குக் கழிவுநீர்க் கால்வாய் அமைத்தல்." எங்கிருந்து எதுவரை, எத்தனை மீட்டர். டேப் வாங்கி நீங்களே அளந்துவிடுங்கள். அப்புறம் தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழும் என்பதையும் எழுதுங்கள். பக்கத்து வயலில் விழும் என்றால் வயல்காரர் வேலை தொடங்குகிற அன்றைக்கு வந்து மறிப்பார், நிச்சயமாக மறிப்பார். அவரிடம் முன்பே பேசுங்கள்.

6. கூட்ட நாள்

கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே அறிவிப்பு வெளியாக வேண்டும். அந்த வாரத்திலேயே மனுவை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துப் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

குறைவெண் வரம்பு என்று ஒன்று உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். இது குறைந்தால் தீர்மானத்துக்கு மதிப்பில்லை. உங்கள் தெருவிலிருந்து வீட்டுக்கு ஒருவரையாவது, முக்கியமாகப் பெண்களை, அழைத்துப் போங்கள். சாக்கடைப் பிரச்சினையை ஆண்களைவிட அவர்கள் பத்து மடங்கு துல்லியமாகச் சொல்வார்கள்.

இடமும் கவனிக்க வேண்டியதுதான். ஊராட்சியின் குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும், மத வழிபாட்டு வளாகங்களில் நடத்தக்கூடாது என்பது அரசின் அறிவுரை. எப்போதும் ஊருக்குள்ளேயே நடந்துகொண்டு காலனிக்கு வரவே இல்லையென்றால், காலனிக்காரர்கள் வந்தாலும் ஓரமாக நின்றுவிட்டுப் போவார்கள், அவர்கள் தெரு எந்தத் திட்டத்திலும் ஏறாது. சுழற்சியைக் கேட்பது உங்கள் தெருவுக்கு நேரடியாக உதவாவிட்டாலும் கேளுங்கள்.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, வட்டார வளர்ச்சி அலுவலர்களைத் தனி அலுவலர்களாகப் போட்டார்கள். இப்படித் தனி அலுவலர் காலம் என்றால் அவர் எல்லா ஊருக்கும் வர முடியாது. ஒன்றியத்திலிருந்து வருகிற பற்றாளர் (கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்படும் அலுவலர்) யார் என்று கேட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

இனி முக்கியமான கட்டம். வரவு செலவு அறிக்கை வாசிக்கும்போது ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு இருக்கும் படிவம் 30ஐக் கேளுங்கள், மற்றவர்களும் விழித்துக்கொள்வார்கள். உங்கள் முறை வந்ததும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். பேசி முடித்ததும் உட்காராமல் தீர்மானப் புத்தகம் இருக்கிற மேசைக்குப் போய்விடுங்கள். அந்த நீள நோட்டில் அரசு அனுப்பிய பொதுத் தீர்மானங்கள் முன்கூட்டியே வரிசையாக எழுதியிருக்கும், கடைசியில் அரைப் பக்கம் காலியாக விட்டிருப்பார்கள். "குறிச்சுக்கிட்டேன், ஆபீஸ்ல போய் எழுதிக்கிறேன்" என்பார் செயலர். "எழுதிக்கொண்டு வந்திருக்கேன் சார், அப்படியே இறக்கிடுங்க, சபையில படிச்சுடலாம்" என்று தாளை நீட்டுங்கள். தாளில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: "மேற்கண்ட பணியை வரும் நிதியாண்டின் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சுகாதாரத் தலைப்பின் கீழ் சேர்த்து, மதிப்பீடு தயாரிக்க ஒன்றியப் பொறியாளரைக் கேட்டுக்கொள்ள சபை ஒருமனதாகத் தீர்மானிக்கிறது." அதில் எண் விழுந்ததா, "பரிசீலிக்க" என்று மாற்றாமல் "சேர்த்து" என்றே இருக்கிறதா என்று பாருங்கள். "பரிசீலிக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்றால் குப்பைக்கூடை என்று பொருள்.

வருகைக் கையெழுத்துக்கு மேலே ஒன்றும் எழுதாத வெறும் தாள் வந்தால் தேதியையும் "கிராம சபைக் கூட்டம்" என்பதையும் நீங்களே தலையில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

7. கூட்டத்துக்குப் பிறகு

ஒரு வாரம் விட்டுத் தீர்மான நகல் கேட்டு எழுதுங்கள். நகல் கைக்கு வந்ததும் ஒன்றிய அலுவலகம். அங்கே வரிசை இப்படி: ஓவர்சியர் வந்து அளப்பார், மதிப்பீடு தயாராகும், பொறியாளரின் தொழில்நுட்ப அனுமதி, அப்புறம் நிர்வாக அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. ஒவ்வொரு மேசையிலும் "எந்தத் தேதியில் அடுத்த மேசைக்குப் போனது" என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். ஓவர்சியர் அளக்க வருகிற நாளில் கட்டாயம் கூட இருங்கள். தெருவின் மேட்டுப் பக்கம் எது, பள்ளப் பக்கம் எது என்பது அவருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். வாட்டம் தப்பாகக் கட்டிய கால்வாய் கொசுத் தொட்டிதான்.

எஸ்டிமேட் போடச் செலவாகும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதற்குக் கட்டணமே கிடையாது.

8. நகரவில்லையென்றால்

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். பதிலுக்கு 30 நாள் கெடு. "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. அக்டோபர் 2 தீர்மானப் புத்தகத்தின் நகல், வருகைப் பதிவின் நகல், அந்த ஆண்டுத் திட்டத்தின் நகல், படிவம் 30 என்று ஆவணமாகக் கேளுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய் ஆகும். யாருக்கு முகவரி எழுதுவது என்று குழம்பினால் வட்டார வளர்ச்சி அலுவலர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், அவருடையது இல்லையென்றால் 5 நாளில் உரியவருக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர் பொறுப்பு. பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் காசு இல்லை.

கூடவே திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்து மக்கள் குறைதீர்க்கும் நாளில் தீர்மான நகலை இணைத்து ஒரு மனு. மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர், மனு உதவி இயக்குநர் (ஊராட்சிகள்) மேசைக்குப் போகும். 1100 எண்ணில் முதல்வரின் உதவி மையத்திலும் பதியலாம். தீர்மான நகல் இல்லாமல் போனால் மனு சுற்றிச் சுற்றி அதே செயலரிடம் வந்து, "நிதி வந்தவுடன் பரிசீலிக்கப்படும்" என்று முடித்துவைக்கப்படும்.

9. செலவும் ஒரு குறுக்குவழியும்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் நகல், பேருந்து, தபால் என்று சில நூறு ரூபாய்தான். உண்மையான செலவு வேலை நாட்களில் அலுவலகம் போவது, அதைத் தெருவில் மூன்று நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

தெருவாசிகள் பணம் போடத் தயார் என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும், விண்ணப்பம் ஆட்சியருக்கு. வேகமாக நடக்கும் என்பது உண்மை. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு: பணம் திரட்ட முடிகிற தெருவுக்குத்தான் இது, பக்கத்தில் கூலிக்காரர்கள் தெரு அப்படியே கிடக்கும். நம் தெருவுக்கு நன்கொடை வழியில் வேலை முடிந்தாலும், அந்தத் தெருவின் வேலையைத் தீர்மானத்தில் ஏற்றக் கூட்டத்துக்குப் போங்கள், குறைவெண் வரம்புக்கு நாலு தலை கூடும்.

10. வேலை நடக்கும்போது

பணி நடக்கும் இடத்தில் வேலையின் பெயர், மதிப்பீடு, நிதித் தலைப்பு எழுதிய பலகை வைக்கச் சொல்லுங்கள். மதிப்பீட்டு நகல் கையில் இருந்தால் நீளம், அகலம், ஆழம், கான்கிரீட் கனம் நான்கையும் டேப் பிடித்துப் பார்க்கலாம். கான்கிரீட் போடும் முன் அடியில் ஜல்லி விரித்திருக்கிறதா என்பதைப் படம் எடுத்துவிடுங்கள், மூடியபின் யாருக்கும் தெரியாது. கட்டியபின் ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒப்பந்தக்காரர் ஆள் வராவிட்டால் வீட்டுக்கு வீடு முறை போட்டு நீங்களே ஊற்றிவிடுங்கள். குறை இருந்தால் பில் போடும் முன்பே ஒன்றியப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். பில் பாஸ் ஆகிவிட்டால் அந்த மனுவைப் படிக்க ஆள் இருக்காது. முடிந்ததும் இ-கிராம் ஸ்வராஜில் ஒருமுறை பாருங்கள், 120 மீட்டர் என்று பணம் எடுத்திருந்து தரையில் 95 மீட்டர்தான் இருந்தால் அடுத்த கிராம சபையில் வாசிக்க உங்களிடம் ஒரு அச்சுத் தாள் இருக்கும்.